பழைய வேன், நடமாடும் வீடு: முதலில் தரையைப் பாருங்கள்!

மின்கம்பி, குழாய்த் தண்ணீர், லாட்ஜ் அறை எதையும் எதிர்பாராமல் ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசை தமிழ்நாட்டில் வேகமாகப் பரவுகிறது. பழைய வேனை வாங்கி வீடாக்க நினைப்பவர் முதல் ரூபாயை எதில் போட வேண்டும்? எங்கே உயிருக்கு ஆபத்து? சட்டம் என்ன சொல்கிறது? கழிவை எங்கே கொட்டுவது?

பேருந்துக்குக் கூடு கட்டிப் பேர்வாங்கிய கரூரில் ஒரு சிறிய பட்டறை. பள்ளிப் பிள்ளைகளைப் பல வருடம் சுமந்து ஓய்ந்த வேன் ஒன்று நிற்கிறது. இருக்கைகளைக் கழற்றியாகிவிட்டது. வாங்கியவரின் கைப்பேசியில் மடக்குக் கட்டில், தேக்கு நிற அலமாரி, ஜன்னலோரம் மஞ்சள் விளக்குச் சரம் என்று வரிசையாகப் படங்கள். டிங்கர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்க்கிறார். பிறகு படிக்கட்டுப் பக்கம் குனிந்து கறுப்பு ரப்பர் விரிப்பை உரிக்கிறார். அடியில் ஈரமும் செம்பழுப்புப் பொடியும். ஸ்க்ரூடிரைவரைத் தகட்டில் ஊன்றி உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுகிறார். முனை தடையில்லாமல் இறங்குகிறது. வெளியே இழுத்ததும் ஓட்டை வழியே பட்டறையின் மண் தெரிகிறது. ஒரு முழம் தள்ளி இன்னொரு தட்டு, இன்னொரு ஓட்டை. சக்கர வளைவு வரை இதே நிலைமைதான்.

படம் காட்டிக்கொண்டிருந்தவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அவரும் குனிகிறார். வேலை தொடங்குவது அந்த நிமிடத்தில்தான்.

பழைய வேனை வீடாக்குவதில் பணம் கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் சேஸிஸ், தரை, பிரேக், டயர். அடுத்து ஒயரிங், தண்ணீர், அடுப்பு. கட்டிலும் அலமாரியும் கடைசி. கண்ணுக்குத் தெரிகிற அழகில் பணத்தைக் கரைத்துவிட்டு, அடியில் இருப்பதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் பலர். அதற்கான விலையைக் கொண்டை ஊசி வளைவிலோ, கதவு சாத்திய நள்ளிரவிலோ கொடுக்க நேர்கிறது.

எங்கிருந்து வந்தது இந்த ஆசை?

டச்சு வியாபாரி பென் போன் 1947-ல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெட்டி போன்ற வண்டி ஒன்றைக் கிறுக்கி வைத்தார். அதிலிருந்து பிறந்த ஃபோக்ஸ்வேகன் வேன் 1950-ல் ஜெர்மனியில் உற்பத்திக்கு வந்தது. அதற்குள் கட்டிலும் மேசையும் வைக்கும் வேலையை வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-லேயே தொடங்கிவிட்டது. அதே குடும்பத்து வேன் பிரேசிலில் 2013 வரை தயாரானது. மேலை நாடுகளில் அந்தப் பழைய வேன்களைத் துரு நீக்கி, சோலார் பூட்டி ஓட்டுவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது.

இந்தியாவில் அந்த இடத்தைப் பிடித்தவை மேட்டடோரும் டெம்போ டிராவலரும். 1980-களின் இறுதியில் வந்த டிராவலர், மெர்சிடீஸ் வேன் ஒன்றின் உரிமம் பெற்ற வடிவம். கல்யாண வீட்டுக்கும் சபரிமலைக்கும் நாம் போன வண்டி அதுதான். உள்ளே நிமிர்ந்து நிற்கும் உயரம், எந்த ஊரிலும் கிடைக்கும் உதிரி பாகம், எந்த மெக்கானிக்குக்கும் பழகிய இன்ஜின் என்று மூன்றும் சேர்ந்திருப்பதால், வீடாக்க நினைப்பவர்கள் அதையே தேடுகிறார்கள். சினிமா படப்பிடிப்பில் மட்டும் பார்த்திருந்த கேரவன், கொரோனாவுக்குப் பிறகு நடுத்தரக் குடும்பத்தின் கனவாகவும் ஆகிவிட்டது. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது.

துருவை மறைக்காதீர்கள், வெட்டி எடுங்கள்

வேனில் துரு பிடிக்கும் இடங்கள் அநேகமாக ஒரே மாதிரிதான். முன் கண்ணாடியின் ரப்பர் ஓரம், கூரையின் மழைநீர்க் காடி, சக்கர வளைவு, படிக்கட்டுக் குழி, ரப்பர் விரிப்பின் அடி. ராமேஸ்வரம், தூத்துக்குடி, சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஓடிய வண்டியானால் உப்புக் காற்று இந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடித்திருக்கும்.

விற்பனைக்கு வரும் வண்டியில் பட்டி பூசி, பெயின்ட் அடித்து, தரையில் புது விரிப்பு ஒட்டியிருப்பார்கள். அதனால் ஒரு காந்தத்தைக் கொண்டு போங்கள். தகடு இருக்கும் இடத்தில் பிடிக்கும் காந்தம், கனமான பட்டியின் மேல் பிடிக்காது. வண்டியை ஜாக்கி போட்டோ, குழியின் மேல் நிறுத்தியோ சேஸிஸை முழு நீளத்துக்கும் பாருங்கள். தரைத் தகட்டை மாற்றிவிடலாம். சக்கர வளைவை வெட்டிப் புதிதாக வளைக்கலாம். சேஸிஸ் நெளிந்திருந்தாலோ, அதில் ஒட்டு வெல்டிங் தெரிந்தாலோ அந்த வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

துருவின் மேல் பெயின்ட் அடித்தால் அது உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். கெட்ட தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்ட வேண்டும். புதுத் தகட்டை வெல்டிங் செய்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, இணைப்புகளில் சீலன்ட் நிரப்பி, வெளியே தெரியாத பொந்துகளுக்குள் மெழுகுக் கலவையைப் பீய்ச்ச வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் வெப்பத்தடுப்பு. கண்ணாடிப் பஞ்சை நேராகத் தகட்டில் அடைத்தால் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பழைய நோயைத் திரும்பக் கொண்டுவரும். நீர் உறிஞ்சாத நைட்ரைல் ரப்பர் ஷீட் நல்லது. நம் ஊர் வெயிலுக்கு மலிவான குளிர்ச்சி, கூரைக்கு வெள்ளை பெயின்ட். சோலார் பேனலைக் கூரையோடு ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பொருத்தினால் அதுவே இரண்டாவது நிழல் ஆகிவிடும்.

பெட்டிச் செய்தி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்ததோடு பொருந்துகிறதா?
* மஞ்சள் போர்டா, வெள்ளை போர்டா? எஃப்.சி., வரி, இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளனவா? கடன் பாக்கி உண்டா?
* டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் 10 வயதைத் தாண்டிய டயர் வேண்டாம்.
* காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். சூடேற்றி வைத்த இன்ஜின் பல குறைகளை மறைக்கும்.
* மழை நாளில் பாருங்கள். முடியாவிட்டால் கூரையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

மலைப்பாதையில் எடைதான் எதிரி

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறும் கல்லட்டிப் பாதையில் 36. கேம்பர் வேன் வாங்குபவர்களின் முதல் விருப்பம் இந்த ஊர்கள்தான். பழைய வேனுக்கு மிகக் கடினமான சோதனையும் இங்கேதான், அதுவும் ஏறும்போது அல்ல, இறங்கும்போது.

பயணிகளோடு போன வேனில் எடை வரும், இறங்கிவிடும். வீடாக்கிய வேனில் எடை நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. 18 மி.மீ. பிளைவுட் முழுப் பலகை ஒன்றே 30 கிலோவைத் தாண்டும். தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. பேனல், ஏசி, பெட்டி என்று கூரை மேல் ஏற்றும் ஒவ்வொன்றும் வண்டியின் எடை மையத்தை உயர்த்தி, வளைவில் சாய வைக்கும். பாதி நிரம்பிய தொட்டிக்குள் தடுப்புத் தகடு இல்லாவிட்டால் தண்ணீரும் வளைவுக்கு வளைவு மோதித் தள்ளும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறினால் அது கொதிக்கும் வெப்பநிலை குறைந்துவிடும். இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது டிரம் சூடாகி ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி உண்டாகும். அப்போது பெடல் காலோடு அப்படியே போய்விடும். ஆகவே வண்டி வாங்கியதும் பிரேக் ஆயிலை முழுக்க மாற்றுங்கள். வீல் சிலிண்டர், ஹோஸ், லைனர் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்ற வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் மலைப்பாதையின் பழைய விதி. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது, இன்ஜினை அணைத்து உருட்டுவது இரண்டும் கூடவே கூடாது. இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு வாக்யூம் கிடைக்காமல் பெடல் கல்லாகிவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஓடும் வேனில் யாரும் கட்டிலில் படுக்கக் கூடாது, பக்கவாட்டு சோபாவில் பிள்ளைகள் உட்காரக் கூடாது. எத்தனை பேர் பயணம் செய்வார்களோ அத்தனை இருக்கை, அத்தனை சீட் பெல்ட். அந்த பெல்ட்டைப் பிளைவுட்டில் திருகினால் பயனில்லை, வண்டியின் இரும்புக் கட்டமைப்பில் பூட்ட வேண்டும்.

பெட்டிச் செய்தி: எடைக் கணக்கு ஓர் உதாரணம்

* தண்ணீர் 100 லிட்டர்: 100 கிலோ
* பெரியவர் மூவர், சிறுவர் ஒருவர்: சுமார் 230 கிலோ
* கட்டில், அலமாரி, தரைப் பலகை: சுமார் 200 கிலோ
* பேட்டரி இரண்டு, பேனல் இரண்டு, இன்வெர்ட்டர், ஒயர்: சுமார் 65 கிலோ
* ஃபிரிட்ஜ், அடுப்பு, சிலிண்டர்: சுமார் 40 கிலோ
* துணிமணி, பாத்திரம், கருவிகள்: சுமார் 100 கிலோ

கூட்டினால் 735 கிலோ. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்புக்குள் இது அடங்குகிறதா என்று கணக்குப் போடுவதோடு நிறுத்தாமல், எல்லாவற்றையும் ஏற்றியபின் எடை மேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்திப் பாருங்கள். பேட்டரியும் தண்ணீர்த் தொட்டியும் தாழ்வாக, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இருக்கட்டும்.

நிழலா, மின்சாரமா?

தமிழ்நாட்டில் சூரியனுக்குப் பஞ்சமில்லை என்பது பாதி உண்மைதான். சித்திரை வெயிலில் வேனைத் திறந்தவெளியில் நிறுத்தினால் பேனல் நன்றாக வேலை செய்யும், உள்ளே மனிதர் இருக்க முடியாது. புளியமரத்தடியில் நிறுத்தினால் மனிதர் இருக்கலாம், பேனல் படுத்துவிடும். போதாததற்குப் பேனலுக்கும் சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் வரை மின்சாரம் குறையும். நண்பகலில் பேனல் 65 டிகிரி சூடாக இருந்தால் 16 சதவீதம் வரை அங்கேயே போய்விடும்.

இந்த முரண்பாட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கூரையில் பாதியும், நீண்ட ஒயரோடு வெளியே எடுத்து வைக்கும் மடக்குப் பேனலாகப் பாதியும் வைத்துக்கொள்வது. வேன் நிழலில், பேனல் வெயிலில். இன்னொன்று, ஓடும்போது இன்ஜின் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் செய்வது. 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் இருந்தால் மூன்று மணி நேர ஓட்டத்தில் 1,100 வாட்-மணிக்கு மேல் ஏறிவிடும். இந்தச் சார்ஜர் இல்லாமல் லித்தியம் பேட்டரியை நேரடியாக இணைத்தால், அது இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்காமல் பழைய வேனின் சிறிய ஆல்டர்னேட்டர் கருகிவிடும்.

வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியை வேனில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் கனக்கும், அதில் பாதியைத்தான் எடுத்துப் பயன்படுத்தலாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், வளைவில் அமிலம் சிந்தும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 100 ஆம்பியர்-மணிக்கு 10 முதல் 13 கிலோதான். 1,280 வாட்-மணியில் 80 சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம், ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் தாங்கும். ஆனால் அதற்கும் சூடு பகை. இன்ஜின் பக்கம் வைக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள்.

ஒயர் விஷயத்தில் சிக்கனம் நெருப்பில் முடியும். 1,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 90 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். வீட்டுச் சுவருக்குள் ஓடும் 2.5 சதுர மி.மீ. ஒயர் அதில் உருகிவிடும். 25 முதல் 35 சதுர மி.மீ. செம்பு கேபிள் வேண்டும். ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபியூஸ் வரையிலான ஒயருக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் போடுங்கள். இல்லாவிட்டால் சாலையின் அதிர்வில் தகட்டு விளிம்பே ஒயரின் தோலை அறுத்துவிடும்.

பெட்டிச் செய்தி: ஒரு நாள் மின்கணக்கு

* 12 வோல்ட் சிறிய ஃபிரிட்ஜ்: 540 வாட்-மணி
* இரண்டு 12 வோல்ட் மின்விசிறி, 10 மணி நேரம்: 400
* எல்இடி விளக்குகள்: 100
* லேப்டாப் இரண்டு மணி நேரம்: 120
* இரண்டு கைப்பேசி: 30
* தண்ணீர் பம்ப் கால் மணி நேரம்: 15

மொத்தம் 1,205 வாட்-மணி. 400 வாட் பேனல், தெளிந்த வானத்தில் சூடு, தூசி, ஒயர் இழப்பு எல்லாம் போக ஏறத்தாழ 1,400 தரும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டு இருந்தால் ஒன்றரை நாள் மேகமூட்டத்தைத் தாண்டலாம்.

ஏசி வேண்டுமென்றால் கணக்கு மாறும். சராசரி 600 வாட் இழுக்கும் ஏசி எட்டு மணி நேரத்தில் 4,800 வாட்-மணி எடுக்கும். அந்த ஒரு வசதிக்காக பேட்டரியும் பேனலும் ஏறக்குறைய ஐந்து மடங்காகும். ஏசி இல்லாமல் தூங்க முடியாதவர், கோடையில் சமவெளியில் தங்காமல் மலைக்கு வண்டியை விடுவது மலிவு.

வடகரையும் மதுரையும் சொல்லும் பாடம்

2024 டிசம்பரில், கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். மோதல் இல்லை, தீ இல்லை. காரணம் கார்பன் மோனாக்சைடு. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை நடத்தியபோது, ஜெனரேட்டரின் புகை வண்டியின் தரையில் இருந்த துளை வழியாக உள்ளே ஏறியது தெரியவந்தது.

நிறமோ மணமோ இல்லாத வாயு அது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் எழுந்திருக்கும் பலம் போய்விடும். தூங்குகிறவருக்கு அந்த உணர்வுகூட வராது. தரை ஓட்டையை அடைப்பதை அழகு வேலை என்று எண்ணுபவர்கள் வடகரையை நினைக்க வேண்டும். பேட்டரியும் பேனலும் சரியாக அமைந்துவிட்டால் ஜெனரேட்டரே தேவையில்லை. அவசியம் என்றால் வண்டியிலிருந்து தள்ளி, காற்று வீசும் திசை பார்த்து வெளியே வையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்கவே வேண்டாம். தலைமாட்டில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

அடுத்தது நெருப்பு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்ரீகர்கள் அவர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் சமைத்ததே காரணம் என்று ரயில்வே தெரிவித்தது. இரும்புப் பெட்டி, குறுகலான வழி, உள்ளே அடுப்பு. கேம்பர் வேனின் அமைப்பும் இதுதான்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும், கட்டிலடியில் குளமாக நிற்கும், ஒரு சுவிட்ச் பொறி போதும். எனவே சிலிண்டருக்கு வண்டியின் உட்புறத்தோடு தொடர்பில்லாத, மூடி இறுகும் தனிப் பெட்டி செய்து, அதன் அடியில் வாயு நேராக வெளியேறும் துளை வைக்க வேண்டும். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைத் தூக்கி உள்ளே வைக்காதீர்கள். கடையில் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் போதும். ரெகுலேட்டரை ஓட்டத்துக்கு முன் மூடிவிட வேண்டும். சமைக்கும்போது மேலே ஒரு திறப்பும் கீழே ஒரு திறப்பும் இருக்க வேண்டும். கதவருகே ஒன்று, கட்டிலருகே ஒன்று என்று இரண்டு தீயணைப்பான் வையுங்கள். தூங்கும் இடத்திலிருந்து வெளியேற இரண்டாவது வழி வேண்டும். பின்கதவைக் கட்டிலால் அடைத்துவிடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டி முடித்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் சமாளிக்கலாம் என்ற நினைப்புதான் அதிகம் பேரைத் தவிக்க விடுகிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. மாற்றத்துக்கு முன் அனுமதி, மாற்றியபின் ஆர்.சி.யில் பதிவு என்பதே வரிசை. வரைபடத்தோடு முதலில் மோட்டார் வாகன ஆய்வாளரைப் பாருங்கள். எதற்கு அனுமதி கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதைப் பலகை அறுக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் சேர்க்க வேண்டும். 17 இருக்கை வேன் என்று பாலிசி சொல்ல, உள்ளே அடுப்பும் கட்டிலும் இருந்தால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது அதுவே மறுப்புக்குக் காரணமாகிவிடும்.

பெட்டிச் செய்தி: சட்ட வரம்புகள் சுருக்கமாக

* மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு: வண்டியை மாற்றியமைப்பது பற்றியது.
* 182ஏ(4) பிரிவு: அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.
* சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், போக்குவரத்து அல்லாத வாகன வகையில் 2004-ம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கையிலேயே இடம்பெற்றிருக்கிறது. மஞ்சள் போர்டு வண்டியை வாங்கினால் முறைப்படி வகை மாற்ற வேண்டும்.
* சொந்த வாகனப் பதிவு 15 ஆண்டு. பிறகு தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு.
* விண்டேஜ் பதிவு கிடைக்குமா? 2021-ம் ஆண்டு விதிப்படி 50 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், கூடு, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தினசரி ஓட்டவும் முடியாது. வீடாக்கிய வேனுக்கு இது பொருந்தாது.
* டெல்லி வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. வடக்கே போகிறவர்கள் அன்றைய நிலவரத்தை விசாரித்துவிட்டுப் புறப்படவும்.

நம் கழிவு யார் வாசலுக்கு?

மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் யாரையும் எதிர்பார்க்காத வண்டி, கழிவுக்கு மட்டும் அடுத்தவர் நிலத்தை எதிர்பார்க்கலாமா? இந்தப் பயண முறை நம் மண்ணில் நிலைக்குமா, வெறுக்கப்படுமா என்பது இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

100 லிட்டர் நல்ல தண்ணீர் ஏற்றினால், ஏறக்குறைய அதே அளவு அழுக்குத் தண்ணீரைப் பிடிக்கத் தொட்டி வேண்டும். ஒரு குழாயைத் தரைக்கு அடியில் விட்டு, சோப்பு நுரையைச் சாலையோர ஓடையில் கலக்கும் வண்டிகளைப் பார்க்க முடிகிறது. அந்த ஓடைதான் கீழே ஒரு கிராமத்தின் குடிநீர். கழிப்பறைக்கு, கழற்றி எடுக்கும் கேசட் பெட்டி வசதியானது. ஆனால் அதைச் செப்டிக் டேங்க் அல்லது பாதாளச் சாக்கடை இணைப்புள்ள கழிப்பறையில் மட்டுமே ஊற்ற வேண்டும். அதில் கலக்கும் ரசாயனம் செப்டிக் டேங்கின் நுண்ணுயிர்களைக் கொல்லாத வகையா என்றும் பார்க்க வேண்டும். சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தின் மேல் தென்னை நார்க் கழிவைத் தூவும் உலர் கழிப்பறை இன்னொரு வழி. பொள்ளாச்சிப் பக்கம் மலையாகக் குவிந்திருக்கும் பொருள் அது. ஈரத்தை உறிஞ்சி நாற்றத்தை அடக்கிவிடும். தண்ணீரும் தேவையில்லை.

காட்டோரம் தங்குவதற்கும் வரம்பு உண்டு. யானை வழித்தடத்தில் அடுப்பு மூட்டிச் சாப்பிடுவது, பலாப்பழத்தை வண்டியில் வைத்துத் தூங்குவது எல்லாம் மனிதருக்கும் யானைக்கும் சேர்த்தே ஆபத்து. காப்புக்காட்டில் அனுமதியின்றித் தங்குவது குற்றம். பந்திப்பூர் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வாங்க வேண்டும். இருட்டும் முன், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு நிறுத்துவதே முறை. ஒரு தோட்டக்காரர் மனமுவந்து தன் களத்தில் இடம் தருகிறார் என்றால், மறுநாள் காலை நாம் நின்ற தடயமே தெரியக் கூடாது. அடுத்து வரும் வேனுக்கு அவர் கதவைத் திறப்பாரா என்பதை அதுதான் முடிவு செய்யும்.

புறப்படும் முன் வாசலில் இரண்டு நாள்

வேலை முடிந்ததும் லடாக்குக்குக் கிளம்பாதீர்கள். முதலில் வீட்டு வாசலிலேயே குடும்பத்தோடு இரண்டு நாள் அதற்குள் வாழுங்கள். வீட்டு பிளக்கையும் குழாயையும் தொடக் கூடாது. மின்கணக்கு சரியா, பாட்டியால் படி ஏற முடிகிறதா, இரவில் கழிப்பறைக்குப் போக யாரை மிதிக்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். கழிப்பறையும் சமையலும் சரியாக அமையாவிட்டால் பயணம் முழுக்க அந்தப் பாரம் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழும். அதனால் வரைபடம் போடும்போதே அவர்கள் பேச்சு முதலில் இருக்க வேண்டும். அடுத்து நூறு கிலோமீட்டருக்குள் ஒரு பயணம், பிறகு ஒரு சிறிய மலை. ஒவ்வொன்றுக்குப் பிறகும் போல்ட், வீல் நட், ஒயர் முனை எல்லாவற்றையும் திரும்ப இறுக்கிப் பாருங்கள்.

இதில் ஊருக்கும் நன்மை உண்டு. காயலான் கடைக்குப் போகவேண்டிய இரும்பு இன்னும் பத்து வருடம் ஓடும். சென்னைப் புதுப்பேட்டையின் உதிரி பாகக் கடைக்காரரும், கரூர் டிங்கரும், தெருவில் உள்ள எலெக்ட்ரீஷியனும் புதிதாக ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வார்கள். பெரிய ஹோட்டல் இல்லாத கிராமத்தில் காய்கறிக்கும் பாலுக்கும் டீசலுக்கும் பயணிகளின் காசு இறங்கும்.

அரசு செய்ய வேண்டியது இரண்டு. எந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டு, எந்த வரைபடம் போதும், எந்தப் பாதுகாப்புக் கருவி கட்டாயம் என்பதை எளிய தமிழில் ஒரே பட்டியலாக ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். மேசைக்கு மேசை மாறும் பதிலால்தான் மக்கள் அனுமதியில்லாமல் கட்டிக்கொள்கிறார்கள். அடுத்து, சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தமிழ்நாடு ஹோட்டல் வளாகங்கள் ஏற்கெனவே பல ஊர்களில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு வேன் நிற்க இடம், ஒரு குடிநீர்க் குழாய், கழிவை ஊற்ற மூடியுள்ள ஒரு தொட்டி. இவ்வளவு போதும். கட்டணம் வாங்கட்டும், பயணிகள் தருவார்கள். ஓடையும் காடும் காப்பாற்றப்படும், இரவில் எங்கே நிறுத்துவது என்ற பயமும் தீரும். அடுத்த கோடை சீசனுக்குள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலுமாவது இதைத் தொடங்க வேண்டும்.